மூடிகளால் நெய்த துணி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கவிதைக்கென்று கூடிய அவையில் ஒரு சிற்பியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவரும் நம் நாட்டவர் அல்லர். மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து, மதுப்புட்டிகளின் மூடிகளைக் கோத்துச் சிற்பம் செய்பவர். இவரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நம் வட்டத்தில் பத்தாண்டுகளாகத் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. புழங்கித் தேய்ந்த சொற்களைக் கவிதைக்குள் விடலாமா என்பதே அது. கடைத்தெருவில் அடிபட்ட சொல், அலுவலகத்தில் முத்திரை குத்தப்பட்ட சொல், விளம்பரப் பலகையில் வெளுத்துப்போன சொல் ஆகியவற்றைக் கழுவித் துடைத்த பிறகே உள்ளே சேர்க்க வேண்டும் என்பர் ஒரு சாரார். கழுவவே கூடாது என்பர் மறுசாரார். இரு பக்கமும் நல்ல கவிஞர்கள் இருப்பதால் வழக்கு முடிகிற வழியாகத் தெரியவில்லை. எல் அனாட்சூயி என்னும் இந்தச் சிற்பியின் அரை நூற்றாண்டு உழைப்பைப் பார்க்கும்போது, நாம் வாயால் வாதாடும் வழக்கை அவர் கையால் வாதாடிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய படைப்புகளை அச்சிட்ட படங்களிலும் ஒளிப்பதிவுகளிலும்தான் கண்டிருக்கிறேன். படத்தில் பார்ப்பவர் எவரும் முதலில் ஒரு மயக்கத்துக்கு ஆளாவார். பொன்னிழையும் செம்பட்டும் கலந்து நெய்த ஓர் அரசனின் போர்வையைச் சுவரில் மாட்டி, அது தன் எடையிலேயே துவண்டு மடிந்து கிடப்பதுபோல் தெரியும். அடுத்த பக்கத்தில் அதையே அருகிலிருந்து எடுத்த படம் இருக்கும். அதில் பொன்னும் இல்லை, பட்டும் இல்லை. நசுக்கிய அலுமினியத் தகடுகள், அவற்றின் மூலைகளில் துளையிட்டு முறுக்கிய செம்புக் கம்பி, தகட்டின் மேல் பாதி தேய்ந்த மதுவகைகளின் பெயர்கள். இவ்வளவுதான். அருகில் பார்த்த பிறகு மீண்டும் முதற்படத்துக்குத் திரும்பினால், போர்வை முன்பு போலவே ஒளிர்கிறது. ஆனால் இப்போது நமக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்த பின்னும் அது ஒளிர்வதுதான் என்னை வியக்க வைத்தது.

அனாட்சூயி 1944ஆம் ஆண்டு, அன்று ஆங்கிலேயர் ஆட்சியில் கோல்டு கோஸ்ட் என வழங்கிய இன்றைய கானா நாட்டில், கேட்டா காயலை ஒட்டிய அன்யாக்கோ என்னும் ஊரில் பிறந்தார். எவே இனத்தவர். தந்தை கென்டே துணி நெய்தவர். 32 பிள்ளைகளில் இவர் கடைசி. தாயை இளமையிலேயே இழந்து, உறவினரான ஒரு கிறித்தவப் போதகரின் வீட்டில் வளர்ந்தார். தந்தையின் தொழிலை இவர் மேற்கொள்ளவில்லை. கென்டேயைப் பற்றி ஒரு செய்தி நினைவிலிருக்கட்டும்: அதை அகலமாக நெய்வதில்லை. கைவிரல்கள் நான்கையும் சேர்த்து வைத்த அகலத்துக்கு நீள நீளமான பட்டைகளாக நெய்து, பிறகு பட்டையோடு பட்டையைத் தைத்துப் பெருந்துணி ஆக்குவார்கள். சிறு துண்டுகளைக் கூட்டிப் பெரிதாக்கும் இந்தக் கணக்கு அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பின்னாளில் பயன்பட்டது.

அவர் பிறந்த கரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பியர் தம் நிலப்படங்களில் ‘அடிமைக் கரை’ என்று எழுதிய பகுதி அது. காயலின் மறுபுறம் கேட்டா நகரில், 1784இல் டேனிஷ்காரர்கள் கட்டிய பிரின்சன்ஸ்டைன் கோட்டையின் எச்சம் இருக்கிறது. மனிதர்களைக் கப்பலேற்றும் வரை அடைத்து வைத்த இடம். நம் தரங்கம்பாடியில் டேன்ஸ்பார்க் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் அதே அரசின் கொடி பறந்த கோட்டைதான்.

குமாசி நகரக் கலைக் கல்லூரியில் 1960களில் அவர் பயின்றார். நாடு 1957இலேயே விடுதலை பெற்றிருந்தும், பாடத்திட்டம் பெரும்பாலும் ஐரோப்பியப் பாடத்திட்டமாகவே இருந்தது. வகுப்பு முடிந்ததும் அவர் அந்நகரின் பண்பாட்டு நடுவத்துக்குப் போய் நெசவாளரையும் குயவரையும் பறை கொட்டுவோரையும் பார்த்துக்கொண்டிருப்பாராம். துணியில் அச்சுக்குத்தும் அடிங்க்ரா என்னும் குறிகளை அங்கே அறிந்தார். ஒவ்வொரு குறிக்கும் ஒரு கருத்து உண்டு, பெயர் உண்டு. கடவுள், அச்சம், பொறுமை போன்ற கண்ணுக்குத் தெரியாதவற்றைக் கோடுகளால் சொல்லும் குறிகள். படிப்பு முடிந்து வின்னெபா என்னும் கடற்கரை ஊரில் ஆசிரியரானபோது, சந்தையில் பெண்கள் பண்டம் பரப்பி விற்கும் வட்ட மரத்தட்டுகளை வாங்கி, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அக்குறிகளை அவற்றின் மேல் சுட்டார். சந்தைத் தட்டு சுவருக்கு ஏறியது இப்படித்தான்.

1975இல் நைஜீரியாவின் இன்சுக்கா ஊரிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகச் சென்றார். அதன்பின் பல பத்தாண்டுகள் அவருக்கு அதுவே ஊர். இலக்கியம் அறிந்த உங்களுக்கு இந்த ஊரின் பெயர் புதிதாக இராது. நாவலாசிரியர் சினுவா அச்செபே அங்கே கற்பித்தவர். பியாஃப்ரா போர் அந்த வளாகத்தின் வழியாகவே நடந்தது. அப்பல்கலைக்கழக நூலகத்தில் பணியாற்றிய கவிஞர் கிறிஸ்டோபர் ஒகிக்போ 1967இல் படைவீரராகக் களத்தில் மாண்டது அந்த ஊருக்கு அருகில்தான். போர் 1970இல் முடிந்தது. ஐந்தாண்டு கழித்து அனாட்சூயி வந்து சேர்ந்தபோது எதையும் சேர்த்து ஒட்டுவதே அங்கே அனைவருக்கும் வேலையாக இருந்தது. ஓவியர் உச்சே ஒக்கெக்கே இக்போ பெண்கள் உடலிலும் சுவரிலும் தீட்டும் ‘உலி’ கோலங்களைக் கல்லூரிக்குள் கொண்டுவந்துகொண்டிருந்தார்.

அங்கே அவர் முதலில் எடுத்தது களிமண். பானைகள் செய்தார், ஆனால் உடைந்த பானைகள். உடைந்தவற்றின் ஓடுகளை மீண்டும் இணைத்தும் இணையாமலும் நிறுத்திய சிற்பங்கள் 1970களின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. பானை உடைந்தால் அதன் வாழ்வு முடிவதில்லை என்பது அவர் ஊர் மக்களின் பட்டறிவு. நம் ஊரிலும் அப்படித்தான். உடைந்த பானையின் ஓட்டில் அண்டை வீட்டிலிருந்து நெருப்பு எடுத்து வந்தோம். கோழிக்குத் தண்ணீர் வைத்தோம். சிறுவர்கள் அதைச் செதுக்கிச் சில்லாக்கி நொண்டி ஆடினார்கள். ஓடு என்ற சொல்லுக்கே தமிழில் எத்தனை பொருள் என்று எண்ணிப் பாருங்கள்.

மண்ணுக்குப் பின் மரம். 1980இல் அமெரிக்காவில் தங்கிப் பணியாற்றிய காலத்தில் சங்கிலி ரம்பத்தைக் கையில் எடுத்தார். உளி மரத்தோடு பேசும். ரம்பம் மரத்தைக் கிழிக்கும். அவருக்கு அந்தக் கிழிசல்தான் வேண்டியிருந்தது. 1884-85இல் பெர்லினில் ஐரோப்பிய அரசுகள் கூடி ஆப்பிரிக்காவைத் தமக்குள் எல்லைக்கோடு போட்டுப் பிரித்த விதத்தை அந்த ரம்பத்தின் பல்லில் அவர் கண்டார். பல வகை மரப்பலகைகளை அருகருகே நிறுத்தி, குறுக்கே ரம்பத்தால் கீறி, நெருப்பால் கருக்கினார். பலகைகளை இடம் மாற்றி அடுக்கலாம் என்றும் விட்டுவிட்டார். அவ்வரிசையில் 1986இல் செய்த ஒன்றின் தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘ஆப்பிரிக்காவைப் பற்றி உங்களுக்கு நான் கடைசியாக எழுதியபோது’ என்று வரும். முடியாத வாக்கியம். பாதியில் நின்ற கடிதத்தின் முதல் வரியைப் போன்ற இதை ஒரு மரச்சிற்பத்துக்குத் தலைப்பாக வைத்தவர், நம் அவையில் உட்காரத் தகுதி பெற்றவர் என்பதில் ஐயமில்லை.

இனி உலோகம். இங்கே சற்று நின்று பேச வேண்டும்.

மரவள்ளிக் கிழங்கைத் துருவி, பிழிந்து, வறுத்துச் செய்யும் ‘காரி’ என்னும் நொய்தான் மேற்கு ஆப்பிரிக்க ஏழையின் அன்றாட உணவு. கிழங்கைத் துருவுவதற்கு, ஆணியால் துளையிட்ட இரும்புத் தகடு வேண்டும். சில காலம் உழைத்தபின் தகடு துருப்பிடித்து ஒதுங்கும். அப்படி ஒதுங்கிய தகடுகளைச் சேர்த்து 2000ஆம் ஆண்டில் ஒரு சுவரே எழுப்பினார். ‘இடிந்துவிழும் சுவர்’ என்பது அதன் பெயர். அதற்குச் சற்று முன் பால்பொடி, கெட்டிப்பால் டப்பாக்களின் வட்ட மூடிகளை ஆயிரக்கணக்கில் கோத்து, தரையில் குன்றுகள்போல் எழுப்பி நிறுத்தினார். பிறகு அச்சகங்கள் பயன்படுத்திக் கழித்த அலுமினிய அச்சுத்தகடுகள். நைஜீரிய நாளிதழ்களில் இரங்கல் அறிவிப்புகள் பக்கம் பக்கமாக வரும். இறந்தவர்களின் முகங்கள் பதிந்த அந்தத் தகடுகளைக் கசக்கிக் கம்பியால் தைத்து, ஆள் உயரத்தையும் மிஞ்சிய ஒரு குப்பைப்பையாக நிறுத்தினார். நம் வீட்டுப் பரணிலும் இரங்கல் பக்கம் சுற்றிய பொட்டலம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. இறந்தவரின் முகத்தில் வெல்லம் மடித்துத் தரும் கடைக்காரர்மேல் யாரும் கோபப்படுவதில்லை.

1990களின் இறுதியில் ஒரு நாள், இன்சுக்காவுக்கு வெளியே புதர்ப்பக்கம் எவரோ போட்டுவிட்டுப் போன ஒரு பை அவர் கண்ணில் பட்டது. அதில் இருந்தவை மதுப்புட்டிகளின் திருகுமூடிகள். எடுத்து வந்து பட்டறையில் வைத்தார். உடனே ஒன்றும் செய்யவில்லை. பல மாதங்கள் அவை அங்கேயே கிடந்தன. இந்த இடைவெளி எனக்குப் பிடித்திருக்கிறது. கையில் கிடைத்த பொருளை அன்றே கவிதையாக்கிவிடும் அவசரம் அவரிடம் இல்லை.

மூடியை அவர் எப்படிக் கையாள்கிறார் என்று பாருங்கள். திருகுமூடிக்கு மூன்று உறுப்புகள்: தலையிலுள்ள வட்டம், கழுத்தைச் சுற்றிய பட்டை, திறக்கும்போது அறுந்து நிற்கும் மெல்லிய வளையம். பட்டையை அறுத்து நீட்டித் தட்டினால் நீளத் துண்டு கிடைக்கும். அவற்றை நெருக்கிக் கோத்தால் கனத்த துணி. வட்டத்தின் ஓரங்களை மடித்தால் சதுரம். வளையங்களை மட்டும் கோத்தால் மீன்வலைபோல் ஊடுருவிப் பார்க்கும் மெல்லாடை. முறுக்கலாம், நசுக்கலாம், உட்புறத்தை வெளியே திருப்பி வெள்ளி நிறம் காட்டலாம். வண்ணம் பூசுவதே இல்லை. சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பொன் என மது ஆலை தந்த நிறங்கள்தான். ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டோடு செம்புக் கம்பியால் பிணைகிறது. ஊடும் இல்லை, பாவும் இல்லை. ஆனாலும் பார்ப்பவர் எவரும் அதைத் துணி என்றே அழைக்கிறார்கள்.

2000களின் தொடக்கத்தில் செய்த முதல் துணிகளுள் ‘ஆணின் துணி’, ‘பெண்ணின் துணி’ என்னும் இரண்டு லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2007இல் வெனிஸ் ஈராண்டு விழாவில் ‘டுசாசா’ என்ற பெயரில் இரண்டு பெருந்துணிகள் தொங்கின. அவற்றுள் இரண்டாவது ஏறத்தாழ 20 அடிக்கு 24 அடி. இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதே ஆண்டு அதே நகரில் ஃபோர்ச்சூனி மாளிகையின் முகப்பையே மற்றொரு துணியால் போர்த்தினார். அதில் ஆங்காங்கே கிழிசல் விட்டு, பின்னால் உள்ள பழஞ்சுவர் தெரியும்படி செய்தார். 2015இல் வெனிஸ் விழா அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான பொற்சிங்க விருதை அளித்தது. விருதுகளின் பட்டியல் இன்னும் நீளும். நமக்கு இது போதும்.

இதை ‘குப்பையிலிருந்து கலை’ என்று பாராட்டும் வழக்கம் எங்கும் இருக்கிறது. நம் பத்திரிகைகளும் எழுதினால் அப்படித்தான் எழுதும். பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த ஊர் அல்லவா. ஒன்றைக் கொடுத்து மேலான ஒன்றை வாங்குவது நமக்கு இனிப்பாகவே இருக்கும். ஆனால் அந்தப் பாராட்டில் ஓர் அவமதிப்பு ஒளிந்திருப்பதாக நான் கருதுகிறேன். மூடி தாழ்ந்தது, கலை உயர்ந்தது, சிற்பி தாழ்ந்ததைத் தூக்கி உயர்ந்ததாக்கினார் என்று அது சொல்கிறது. அனாட்சூயி மூடியைத் தூக்கிவிடவில்லை. மூடிக்கு ஏற்கெனவே ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு தெரியும்படி அதைத் தொங்கவிட்டிருக்கிறார்.

என்ன வரலாறு? ஐரோப்பியக் கப்பல்கள் அக்கரைக்குக் கொண்டுவந்த பண்டங்களில் புட்டியில் அடைத்த மது ஒன்று. கரும்பிலிருந்து வெல்லப்பாகு, பாகிலிருந்து ரம், ரம்முக்கு மனிதர்கள், அந்த மனிதர்களைக் கொண்டு கடலுக்கு அப்பால் மீண்டும் கரும்பு. இந்தச் சுழலில் புட்டியின் மூடி ஒரு சாட்சி. மூடிகள் இன்றைய நைஜீரிய ஆலைகளிலிருந்து வருபவை என்றாலும், அவற்றின் மேலுள்ள பெயர்கள் வாய் திறக்கின்றன. ‘டார்க் சைலர்’ என்று ஒரு மது: கறுத்த மாலுமி. ‘ஹெட்மாஸ்டர்’ என்று ஒன்று. ‘எக்கோமாக்’ என்று ஒன்று. அது 1990இல் லைபீரியப் போருக்காக மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் கூடி அமைத்த படையின் பெயர். ‘பகாசி’ என்று ஒன்று. நைஜீரியாவும் கேமரூனும் உரிமை கோரி, 2002இல் பன்னாட்டு நீதிமன்றம் கேமரூனுக்கே உரியது எனத் தீர்ப்பளித்த தீபகற்பம் அது. குடிகாரன் திருகி எறிந்த தகட்டில் ஒரு நாட்டின் செய்தித்தாள் இருக்கிறது. அனாட்சூயி இந்தப் பெயர்களைச் சுரண்டி எடுத்திருந்தால் துணி இன்னும் அழகாகக்கூட இருந்திருக்கும். அவர் எடுக்கவில்லை. நம் வழக்கில் ‘கழுவக்கூடாது’ என்னும் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் எதிர்க்கட்சிக்கும் ஒரு சொல்: அவர் மூடிகளை வாரிக் கொட்டியும் விடவில்லை. ஒவ்வொன்றையும் அறுத்து, தட்டி, மடித்து, அடுத்ததோடு பிணைத்த பிறகே தொங்கவிடுகிறார். கடைத்தெருச் சொல்லை அப்படியே எடுத்து வைத்துவிட்டு அதுவே கவிதை என்று சொல்லும் நண்பர்கள், அந்தக் கம்பி முறுக்கும் வேலையைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இந்தக் கதையில் நம் கரைக்கும் பங்கு உண்டு. அந்தக் கப்பல்கள் மதுவை மட்டும் கொண்டுபோகவில்லை. ஆப்பிரிக்கக் கரையில் அதைவிட அதிகமாக விலைபோனது துணி. அதிலும் இந்தியத் துணி. சோழமண்டலக் கரையில் நெய்து, சாயம் தோய்த்து, கும்பினிகளின் கிடங்குகளில் கட்டிய மூட்டைகள் ஐரோப்பா வழியாகக் கினி கரைக்குச் சென்றன. புதுச்சேரியிலிருந்து போன அவுரி நீலத் துணிக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயரே ‘கினே’. செனகல் ஆற்றோரம் கருவேலம் பிசினை வாங்க அந்தத் துணியே பணமாக வழங்கியது. மனிதரை வாங்கவும் இந்தியத் துணி விலையாக எண்ணப்பட்டது. நம் ஊர்த் தறியில் அமர்ந்திருந்தவர் இதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. தறி அறியாது, அவுரித் தொட்டி அறியாது. ஆனால் மேற்கு ஆப்பிரிக்கச் சிற்பி ஒருவர் துணியையும் மதுவையும் ஒரே பொருளில் காட்டும்போது, நாம் ஏதோ அயலார் துயரை வேடிக்கை பார்ப்பவர்போல் கைகட்டி நிற்க இயலாது.

இதற்கு வேறொரு முகமும் உண்டு. நைஜீரியாவின் தென்கோடியில், நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் சென்னைப் பக்கத்தில் நெய்த கட்டம்போட்ட துணியைத் தலைமுறைகளாகத் தமதாக்கிக் கொண்டவர்கள். அவர்கள் மொழியில் அதற்கு ‘இஞ்சிரி’ என்று பெயர். பிறப்புக்கும் இறப்புக்கும் அது வேண்டும். அந்தத் துணியை அவர்கள் வந்தபடியே உடுத்துவதோடு நிற்பதில்லை. பெண்கள் கூரிய தகட்டால் குறிப்பிட்ட இழைகளை மட்டும் நறுக்கி உருவி எடுக்கிறார்கள். உருவிய இடங்களில் புதுக்கோலம் பிறக்கிறது. நெய்ததைக் குறைத்துக் கோலம் காணும் இந்தக் கலைக்கு ‘பெலெட்டே பிட்டே’ என்று பெயர். நம்மிடமிருந்து போன துணியை அவர்கள் திருத்தி எழுதியிருக்கிறார்கள். அசாண்டே நெசவாளர்களோ வெளிநாட்டுப் பட்டுத்துணிகளைப் பிரித்து, அந்த நூலால் தம் கென்டேயை நெய்தார்கள். வந்த பொருளைப் பிரிப்பதும் மீண்டும் கோப்பதும் அந்நிலத்தின் பழைய வழக்கம். அனாட்சூயியின் மூடி அறுக்கும் பட்டறை அவ்வழக்கத்தின் தொடர்ச்சி என்று எனக்குப் படுகிறது.

அவருடைய இன்னொரு துணிவைச் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்கு இது எளிதில் செரிக்காது. துணியைச் செய்து, மடித்து, பெட்டியில் அடைத்து அனுப்பும்போது, இப்படித்தான் தொங்கவிட வேண்டும் என்று அவர் வரையறுப்பதில்லை. எங்கே மடிப்பு விழ வேண்டும், எது மேல், எது கீழ் என்பதெல்லாம் அந்தந்த இடத்தில் தொங்கவிடுவோர் பாடு. ஆகவே ஒரே துணி இரண்டு நகரங்களில் இரண்டு விதமாக இருக்கும். கவிதையில் ஓர் ஒற்றெழுத்து அச்சில் விழுந்துபோனதற்காக மலர்க் குழுவோடு ஆறு மாதம் பேசாதிருந்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டேன். ஆனால் நம் முன்னோர் பாடல்களை நினைத்துப் பார்த்தால், ஓதுவார் ஒருவர் பாடும் பதிகமும் மற்றொருவர் பாடும் பதிகமும் ஒரே மடிப்பில் விழுவதில்லை. ஏட்டில் உள்ளது துணி; பாடுபவர் தொங்கவிடுகிறார்.

எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டு உட்கார எனக்கு மனமில்லை. இந்தத் துணிகளைக் கோப்பவை அனாட்சூயியின் இரண்டு கைகள் மட்டும் அல்ல. இன்சுக்காப் பட்டறையில் பல இளைஞர்கள் அமர்ந்து மூடி அறுத்து, தட்டி, துளையிட்டு, கம்பி முறுக்கினார்கள். சிறு சிறு பாளங்களாக அவர்கள் செய்து தருவதைத் தரையில் பரப்பி, இடம் மாற்றி, படமெடுத்து, மீண்டும் மாற்றி அமைப்பது அவர் வேலை. ஒவ்வொருவர் முறுக்கும் ஒவ்வொரு விதமாக இருப்பதை அவர் விரும்புகிறார் என்கிறார்கள். ‘டுசாசா’ என்னும் எவே சொல்லே ஊரார் கூடி ஒட்டுப்போடுவதைக் குறிப்பதுதான். ஆயினும் அருங்காட்சியகச் சுவரில் ஒரே பெயர்தான் இருக்கிறது. ஏலங்களில் இத்துணிகள் 10 லட்சம் டாலரைத் தாண்டியும் விலைபோயிருக்கின்றன. கம்பி முறுக்கிய விரலுக்கும் அந்த விலைக்கும் இடையேயுள்ள தொலைவை, தறிக்காரர்கள் நிறைந்த நாட்டில் பிறந்த நாம் அறியாதவர்கள் அல்லோம். காஞ்சிபுரத்துச் சேலையில் நெய்தவர் பெயரை யார் பார்த்தார்கள்? கடையின் பெயர்தான் பையில் இருக்கிறது. இந்தக் கேள்வியால் அனாட்சூயியின் பெருமை குறைந்துவிடாது. ஆனால் கேட்காமல் விட்டால் நம் பாராட்டு பொய்யாகிவிடும்.

கடைசியாக ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 2023 அக்டோபர் முதல் 2024 ஏப்ரல் வரை லண்டனில் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் சுழலிக் கூடத்தில் அவருடைய ‘செந்நிலவின் பின்னால்’ என்னும் படைப்பு தொங்கியது. பழைய மின்நிலையத்தின் எந்திரக் கூடம் அது. கோயில் கோபுரத்தையே உள்ளே நிறுத்தலாம் போன்ற உயரம். டேட் என்னும் பெயர் சர்க்கரை வணிகர் ஹென்றி டேட்டின் பெயர். அடிமைமுறையை ஆங்கில அரசு ஒழித்த பிறகு தொழில் தொடங்கியவர்தான் அவர். ஆனால் அந்தச் சர்க்கரைத் தொழிலே அடிமை உழைப்பின் மேல் எழுந்தது. சர்க்கரையின் பெயர் தாங்கிய மாளிகைக்குள், சர்க்கரையின் பிள்ளையான ரம்மின் மூடிகளைக் கொண்டுவந்து தொங்கவிட்டார் அனாட்சூயி.

உள்ளே நுழைந்ததும் காற்று நிறைந்த பாய்மரத் துணியாக ஒன்று. அதில் செந்நிற நிலவு. மக்களை ஏற்றிப்போன கப்பல்களின் பாய் என்று எவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோடியில் தரைமட்டும் தொங்கும் கரிய சுவராக ஒன்று. அடியில் அலைகள்போல் மடிந்து குவிந்து கிடக்கும். அதன் பின்னால் சென்று பார்த்தால் கறுப்பு இல்லை. வெள்ளியும் பல நிறங்களும் கலந்த வேறு துணி. இரண்டுக்கும் நடுவே, மெல்லிய வளையங்களால் கோத்த மனித உருவங்கள் அந்தரத்தில் தனித்தனியே மிதந்தன. ஓர் இடத்தில் நின்று பார்த்தால் அவை அனைத்தும் கூடி ஒரே வட்டமாக, உலக உருண்டையாகத் தெரியும். இரண்டடி தள்ளி நின்றால் மீண்டும் சிதறிவிடும்.

அந்த மூன்று பகுதிகளின் படங்களையும், ‘டுசாசா’வை அருகிலிருந்து எடுத்த ஒரு படத்தையும் படியெடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். முன்வரிசையிலிருந்து சுற்றுக்கு விடுகிறேன். நான்காவது படத்தைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். இடப்பக்க மூலையில் மூடியின் பெயர் படிக்க முடிகிறது. பார்த்து முடித்தபின் உங்கள் வாதங்களைத் தொடங்கலாம்.